தொட்டி மண்ணில் நெளிவது எது? புழுப்பாம்பை நீங்களே இனங்காணும் முறை

பூந்தொட்டியைக் கவிழ்த்து மண் மாற்றும்போது ஷூ லேஸ் பருமனில் கறுப்பாக, பளபளப்பாக ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும். கண்ட சிலர் மண்புழு என்று எண்ணி அடுத்த தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் நாகக்குட்டி என்று அலறி அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். இரு தரப்பினருமே அதை ஒரு நிமிடம்கூட நின்று பார்ப்பதில்லை. விலங்கியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் மாணவர்களோடு நின்றவன் என்ற முறையில் எனக்கு இதில் உள்ள வருத்தம் பெரியது. முழு வளர்ச்சியடைந்தும் ஒரு சாண் நீளத்தை எட்டாத, யாரையும் கடிக்க முடியாத, உலகப் பாம்புகளிலேயே மிக வியப்பான வாழ்க்கை கொண்ட ஓர் உயிர், பார்க்கப்படாமலேயே செத்துப்போகிறது.

அதன் பெயர் புழுப்பாம்பு. குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ். ஒரு பத்து மடங்கு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதை நீங்களே குடும்பம்வரை, பல நேரம் சிற்றினம்வரை வகைப்படுத்திவிடலாம். வகைப்பாடு என்றாலே லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்வது என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விலங்கின் உடலிலேயே விடை தேடுவதுதான் அதன் உயிர். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

தொடுவதற்கு முன்

முதல் விதி: இன்னதென்று தெரியாத எந்தப் பாம்பையும் விரலால் தொடாதீர்கள். அளவு சிறியது என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. சுருட்டை விரியனின் குட்டி பிறக்கும்போதே நஞ்சோடு பிறக்கிறது, அதுவும் சிறியதுதான். ஆகவே இரண்டடி தள்ளி நின்று நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

உடலில் பட்டை, புள்ளி, வளையம், கோலம் ஏதாவது இருக்கிறதா? தலை அகன்று, கழுத்து தனியாகக் குறுகித் தெரிகிறதா? கண் தெளிவாகத் தெரிகிறதா? தலை ஒரு நிறத்திலும் உடல் வேறு நிறத்திலும் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அங்கேயே நிறுத்துங்கள். குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அப்புறப்படுத்தி, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரை அழையுங்கள்.

நான்காவது கேள்வியைத் தனியாகச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மெல்லிய பவளப்பாம்பு ஒன்று வாழ்கிறது. அறிவியல் பெயர் கல்லியோஃபிஸ் மெலனூரஸ். நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, நஞ்சுள்ளது. முழுதாக வளர்ந்த நிலையிலும் மிக ஒல்லி. அதன் குட்டியைப் புழு என்று நினைக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. பழுப்பு உடல், கறுத்த தலை, வாலில் இரண்டு கறுப்பு வளையங்கள், வாலின் அடிப்புறத்தில் நீலச் சாயல் ஆகியவை அதன் அடையாளங்கள். தொந்தரவு செய்தால் வாலைச் சுருட்டி அந்த நீலத்தைக் காட்டும். புழுப்பாம்பின் தலையும் உடலும் ஒரே தடிமன், கிட்டத்தட்ட ஒரே நிறம். மூக்கு நுனி, தாடை, வால் நுனி, கழிவுத் துளையின் ஓரம் ஆகிய இடங்கள் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கலாம். இந்த ஒப்பீட்டை மனத்தில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள்; இந்த வழிகாட்டியில் உயிர்காக்கும் பகுதி இதுதான்.

நான்குக்கும் ‘இல்லை’ என்றால், ஒரு சிறு மண்வாரியால் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி, வழவழப்பான உள்சுவர் கொண்ட வெள்ளைப் பாத்திரத்தில் இடுங்கள். சுவர் நான்கு விரல்கடை உயரமாவது இருக்க வேண்டும். இடுக்கி கூடவே கூடாது. இத்தனை மெல்லிய உடலின் முதுகெலும்பை ஓர் இடுக்கி நசுக்கிவிடும். நகர்த்த வேண்டியிருந்தால் ஈரமான மென்தூரிகை போதும். நிழலில் வையுங்கள். மண்ணுக்கடியில் வாழும் உடல் வெயிலிலும் உலர்ந்த தரையிலும் விரைவில் காய்ந்து இறந்துவிடும். பாத்திரத்தின் ஒரு பாதியில் ஈரமண் இருக்கட்டும். அது அங்கே புகுந்துகொண்டால் மெல்ல மண்ணை விலக்குங்கள். மொத்தப் பார்வையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். இனி வரும் அடையாளங்களில் பெரும்பாலானவற்றைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் பொருத்தும் நெருக்க லென்ஸ் ஒன்று இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

எடுக்க வேண்டிய படங்கள்: தலையின் மேற்புறம், தலையின் பக்கவாட்டு, உடல் நடுவில் முதுகும் வயிறும், வால் நுனி. பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வையுங்கள்.

புழுவா, பாம்பா?

இதற்கு லென்ஸ் தேவையில்லை. அசைவே சொல்லிவிடும். மண்புழு தன் உடலை நீட்டிச் சுருக்கி நகர்கிறது. ஒரு பகுதி தடிக்கும், அடுத்த பகுதி மெலியும். பாம்புக்கு உள்ளே எலும்புச் சட்டகம் இருக்கிறது. அப்படி நீளவோ குறுகவோ அதனால் முடியாது. பக்கவாட்டில் வளைந்துதான் முன்னேறும். மண்புழுவின் தோல் ஈரமாகவும் வளையம் வளையமாகவும் இருக்கும். வளர்ந்த புழுவில் கழுத்துப்பட்டை போன்ற தடித்த பகுதி ஒன்றும் தெரியும். புழுப்பாம்பின் பளபளப்பு ஈரத்தால் வருவதல்ல. ஒன்றன்மேல் ஒன்று படிந்த வழவழப்பான செதில்களின் மினுமினுப்பு அது.

ஐயம் தீரவில்லையென்றால் முன்முனையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளிறிய, நூலைவிட மெல்லிய, நுனி பிளந்த நாக்கு ஒன்று எட்டிப் பார்த்து மறையும். அதைக் கண்டுவிட்டால் இந்தக் கேள்வி முடிந்தது. மாணவர்களுக்குக் காட்டும்போது அந்த நாக்கு வெளிவரும் கணத்தில்தான் அறை அமைதியாகும். அதுவரை ‘புழு’ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று குனிந்து பார்ப்பார்கள்.

மண்ணுக்குள் வாழும் வேறு சிலவற்றையும் இந்த இடத்திலேயே விலக்கிவிடலாம். கால்கள் குறுகிய அரணைகளுக்குப் பெரும்பாலும் மூடித் திறக்கும் இமையும் காதுத் துளையும் இருக்கும். பாம்புகளுக்கு இரண்டும் கிடையாது. காலில்லாத இருவாழ்விகளான சிசிலியன்களின் தோல் தவளைத் தோல்போல் ஈரமாகவும் வளைய மடிப்புகளோடும் இருக்கும். வெளியே செதில் தெரியாது.

தலை எது, வால் எது?

இரண்டு முனைகளும் மழுங்கியிருப்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். வால் நுனியை லென்ஸில் பாருங்கள்: கூரான ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். வால் மிகக் குட்டை. கழிவுத் துளையிலிருந்து நுனிவரை அளந்தால், அதன் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பாம்பு இந்த முள்ளை மண்ணில் ஊன்றி, அதைப் பிடிமானமாக வைத்து உடலை முன்னே தள்ளுகிறது. கையில் எடுத்தால் இதே முள்ளால் உள்ளங்கையை அழுத்தும். ‘கொட்டுகிறது’ என்று பலர் சொல்வது இதைத்தான். தோலைக்கூடத் துளைக்காது. அதில் நஞ்சும் இல்லை.

மறுமுனையில் முகத்தின் முன்பக்கத்தை ஒரு பெரிய வட்டமான செதில் மூடியிருக்கும். வாய் நுனியில் இல்லை. கீழ்ப்புறமாக, உள்வாங்கி இருக்கும். தலையால் மண்ணை முட்டித் துளைக்கும்போது மண் வாய்க்குள் போகாமலிருக்க இது மிகப் பொருத்தமான அமைப்பு. இருபுறமும் கண்கள் கறுப்புப் புள்ளிகளாக, ஒளி ஊடுருவும் ஒரு செதிலுக்கு அடியில் புதைந்திருக்கும். வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிய அவை போதும். வெளிச்சத்தில் வைத்ததும் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். ஈரமண் இருக்கும் நிழல் பக்கம்தான் போகும்.

வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்

வகைப்பாட்டின் முதல் பெரிய கதவு இங்கே திறக்கிறது. நாகம், சாரை, விரியன், தண்ணீர்ப் பாம்பு போன்ற நாம் அன்றாடம் கேள்விப்படும் பாம்புகளின் வயிற்றில் அகலமான பட்டைச் செதில்கள் குறுக்காக ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும். தரையைப் பற்றி ஊர்வதற்கு உதவுபவை அவை. புழுப்பாம்பின் வயிற்றில் அப்படி எதுவும் இல்லை. முதுகுச் செதில் எந்த அளவோ வயிற்றுச் செதிலும் அதே அளவு. உடலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி.

கண்ணாடித் தட்டில் விட்டுக் கீழிருந்து படமெடுப்பது நல்ல வழி. அகலமான வயிற்றுப் பட்டைகள் தெரிந்தால் அது புழுப்பாம்பு இல்லை. மேலே சொன்ன எச்சரிக்கைக்குத் திரும்பிப் போங்கள். செதில்கள் சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால், ஸ்கோலிகோஃபிடியா என்ற தொகுதிக்குள் நுழைந்துவிட்டீர்கள். உலகெங்கும் 400க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட தொகுதி அது. எல்லாமே மண்ணுக்குள் வாழும், நஞ்சற்ற, சிறிய கண்ணுள்ள பாம்புகள்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் கேடயவால் பாம்புகளையும் அறிந்திருக்க வேண்டும். அவையும் நஞ்சற்ற மண்வாழ் பாம்புகள்தாம். ஆனால் அவை யூரோபெல்டிடே என்ற வேறொரு குடும்பம். வயிற்றுச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடச் சற்றே அகலமாக இருக்கும். தலை கூர்மையாகக் குறுகும். பல சிற்றினங்களில் வாலைக் கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் தட்டையான, சொரசொரப்பான முனை இருக்கும். குட்டி போடும் வழக்கம் அவற்றுடையது. நம் புழுப்பாம்பு முட்டையிடுவது.

எந்தக் குடும்பம்?

ஸ்கோலிகோஃபிடியாவில் இப்போது ஐந்து குடும்பங்களை ஏற்கிறார்கள். ஜீனோடிஃப்ளோபிடே மடகாஸ்கருக்கு உரியது. அனோமலெபிடிடே மத்திய, தென் அமெரிக்காவுக்கு உரியது. மீதமுள்ள டிஃப்ளோபிடே, லெப்டோடிஃப்ளோபிடே, கெரோஃபிலிடே மூன்றுக்கும் தெற்காசியாவில் உறுப்பினர்கள் உண்டு. பிரிக்க வேண்டியது இவற்றைத்தான்.

உடலின் நடுப்பகுதியில் சுற்றிலும் எத்தனை செதில் வரிசைகள் என்று எண்ணுங்கள். லெப்டோடிஃப்ளோபிடேயில் வழக்கமாக 14 வரிசைகள். நம் புழுப்பாம்பில் 20. தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை அதே 20. இந்த எண்ணிக்கையை உயிருள்ள பாம்பில் பெறுவது கடினம்தான். நான் சொல்லித்தரும் முறை இது: தெளிவான பிளாஸ்டிக் உறையில் துளி நீரோடு பாம்பைச் சில நொடிகள் மட்டும் வைத்து, உடலின் ஒரே இடத்தை மேலிருந்தும் கீழிருந்தும் படமெடுங்கள். பிறகு பாம்பை மண்ணுக்கு அனுப்பிவிட்டு, படத்தை மேசைக்குக் கொண்டுபோங்கள். எண்ணும்போது நேர்க்குறுக்காகப் போகாதீர்கள். செதில்கள் செங்கல் சுவர்போல மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பதால் வரிசை தவறிவிடும். ஒரு செதிலிலிருந்து அடுத்த வரிசையில் சாய்வாகத் தொடுவதைப் பிடித்து, அப்படியே தொடர வேண்டும். முதுகின் நடுக்கோட்டில் இருக்கும் செதிலை முதலிலேயே குறித்துக்கொண்டால் இரண்டு படங்களையும் இணைப்பது எளிது.

மழை வெள்ளத்தில் செத்துக்கிடந்த பாம்பு கிடைத்தால் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒரு செதிலில் குண்டூசி நுனியால் மைப்புள்ளி வைத்து, மீண்டும் அந்தப் புள்ளியை வந்தடையும்வரை சாய்வாக எண்ணுங்கள். மூன்று இடங்களில் எண்ணி ஒரே விடை வந்தால் நம்பலாம். இதற்காக எந்தப் பாம்பையும் கொல்லக் கூடாது. அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

அடுத்து கண்ணைத் தாங்கும் செதிலைப் பாருங்கள். லெப்டோடிஃப்ளோபிடேயில் அந்தச் செதில் கீழிறங்கி உதட்டு விளிம்பைத் தொடும். டிஃப்ளோபிடேயில் தொடாது, மேலுதட்டுச் செதில்கள் இடையில் நிற்கும். இதைப் பக்கவாட்டுப் படம் ஒன்றே காட்டிவிடும்; செதில் எண்ணும் பொறுமை இல்லாதவர்களுக்கும் கைகொடுக்கும்.

இந்த இரு குடும்பங்களையும் உண்மையில் பிரிப்பது பல். டிஃப்ளோபிடேக்கு மேல்தாடையில் மட்டும் பற்கள்; லெப்டோடிஃப்ளோபிடேக்குக் கீழ்த்தாடையில் மட்டும். முன்னது மேல்தாடை எலும்புகளை முன்னும் பின்னும் வேகமாக அசைத்து இரையை உள்ளே இழுக்கிறது. பின்னது அதே வேலையைக் கீழ்த்தாடையால் செய்கிறது. ஒரே உணவு, ஒரே மண், ஒரே உருவம். தின்னும் பொறி மட்டும் தலைகீழ். இதை உயிருள்ள பாம்பின் வாயைத் திறந்து பார்க்க முயலாதீர்கள். அருங்காட்சியகப் பதப்பொருளில் பார்க்க வேண்டிய அடையாளம் இது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டால்தான், வெளியிலிருந்து நாம் எண்ணும் செதில்களுக்குப் பின்னால் எவ்வளவு ஆழமான பிரிவு ஒன்று இருக்கிறது என்பது புரியும்.

கெரோஃபிலிடேயை விலக்கத் தலையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புழுப்பாம்பின் தலைச் செதில்களின் ஓரங்களில், சுரப்பிகள் வெளிறிய கோடுகளாக ஓடும். செதில்கள் சேரும் இடங்களை யாரோ வெள்ளை மையால் வரைந்தது போலிருக்கும். கெரோஃபிலிடேயில் அந்தச் சுரப்பிகள் செதில்களின் பரப்பெங்கும் புள்ளிப் புள்ளியாகத் தூவிக் கிடக்கும். இந்தக் குடும்பம் தனியாகப் பிரிக்கப்பட்டதே 2010இல்தான். அதுவரை இந்தப் புள்ளித் தலைப் பாம்புகளும் புழுப்பாம்பும் ஒரே குடும்பத்தில் இருந்தன.

20 வரிசை, உதட்டைத் தொடாத கண்செதில், ஓரங்களில் கோடாக ஓடும் சுரப்பிகள்: மூன்றும் பொருந்தினால் குடும்பம் டிஃப்ளோபிடே என்று துணிந்து எழுதுங்கள்.

எந்தச் சிற்றினம்?

டிஃப்ளோபிடேக்குள் சில உறவினர்களை எளிதில் ஒதுக்கலாம். மூக்கு அலகுபோல் கூர்ந்து வளைந்து, நீளம் ஓர் அடிக்கு மேல் இருந்தால் அது இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய கிரிப்போடிஃப்ளாப்ஸ் அக்யூடஸ். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்வரை வளரும் அதை யாரும் புழு என்று நினைக்கமாட்டார்கள். வரிசை 18 என்று வந்தால் இண்டோடிஃப்ளாப்ஸ் பொரெக்டஸாக இருக்கலாம்.

இண்டோடிஃப்ளாப்ஸ் பம்மீசஸ்தான் சிக்கல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது, அதற்கும் 20 வரிசை, உருவமும் கிட்டத்தட்ட அதுவே. பிரிப்பது ஒரேயொரு கோடு. மூக்குத் துளையிலிருந்து ஒரு பிளவுக்கோடு கீழ்நோக்கி வரும். அது நாசிச் செதிலை இரண்டாகப் பிரிக்கிறது. நம் புழுப்பாம்பில் அந்தக் கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கும் செதிலில் போய் முட்டும். பம்மீசஸில் இரண்டாவது மேலுதட்டுச் செதிலில் முட்டும். தலையின் அகலமே சில மில்லிமீட்டர்தான் என்னும்போது இந்தக் கோட்டைத் தேடுவது கடும் வேலை. பத்து மடங்கு லென்ஸ் இங்கே போதாமல் போகலாம். இருபது மடங்கு வேண்டும். ஒளியை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாகக் கொடுத்தால் செதில் விளிம்புகள் நிழல் விட்டுத் தெளியும். மாணவர்கள் இந்தக் கோட்டை முதன்முதலாகக் கண்டுபிடிக்கும்போது அடையும் மகிழ்ச்சியைப் பார்த்தால், வகைப்பாட்டியல் வறட்டுப் பாடம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். கரும்பழுப்பு, கருமை, சாம்பல் என்று மாறும். தோலுரிக்கும் சமயத்தில் பால் படர்ந்த நீலமாகவே தெரியும். நீளத்தையும் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்: பெரும்பாலும் 10 முதல் 17 சென்டிமீட்டர்.

இத்தனை பெயர்கள் ஏன்?

பழைய நூல்களில் இதே பாம்பை வேறு வேறு பெயர்களில் காண்பீர்கள். அந்த வரலாற்றை அறியாவிட்டால் ஒரே பாம்பை மூன்று பாம்பு என்று நினைக்க நேரிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் ஒரு பெரிய படநூலை வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான் வழங்குகிறது. விசாகப்பட்டினப் பகுதியில் கிடைத்த புழுப்பாம்பும் அந்த நூலில் படமாக இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் டோடான் 1803இல் அறிவியல் பெயர் சூட்டினார்: எரிக்ஸ் பிராமினஸ். எரிக்ஸ் என்பது மண்ணுளிப் பாம்புகளின் பேரினம். இரண்டும் மழுங்கிய வாலோடு மண்ணில் புதைந்து வாழ்பவை என்பதால் அன்று அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. வயிற்றுச் செதில்களை ஒப்பிட்டால் இரண்டும் வெகு தூரத்து உறவு என்பது புலப்படும். மண்ணுளிக்குச் சிறிதானாலும் வயிற்றுப் பட்டைகள் உண்டு. 1829இல் குவியே இதை டிஃப்ளாப்ஸ் பேரினத்துக்கு மாற்றினார். நூறாண்டுகளுக்கும் மேல் அது டிஃப்ளாப்ஸ் பிராமினஸ்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராம்ஃபோடிஃப்ளாப்ஸ் என்ற பேரினத்துக்குப் போனது. அந்தப் பேரினத்தை வரையறுத்த பண்புகளில் முக்கியமானது ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. இந்தப் பாம்பில் ஆணே இல்லை! சரிபார்க்க முடியாத பண்பை வைத்து ஒரு சிற்றினம் பல பத்தாண்டுகள் ஒரு பேரினத்தில் அமர்ந்திருந்தது. 2014இல் ஹெட்ஜஸும் அவருடைய குழுவினரும் குருட்டுப் பாம்புகளின் மரபணுக்களையும் உருவப் பண்புகளையும் சேர்த்து ஆராய்ந்து, தெற்காசிய உறவினர்களோடு சேர்த்து இண்டோடிஃப்ளாப்ஸ் என்ற புதுப் பேரினத்தை அமைத்தார்கள். நான்கு பேரினங்கள் மாறியும் பிராமினஸ் என்ற சிற்றினப் பெயர் மட்டும் 1803 முதல் அப்படியே இருக்கிறது. பழைய நூலில் தேடும்போது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குறிப்பேட்டில் மேலிருந்து கீழாக இப்படி எழுதலாம்: ஊர்வன, செதிலுடையவை என்னும் ஸ்குவமேட்டா வரிசை, பாம்புகள் துணைவரிசை, ஸ்கோலிகோஃபிடியா, டிஃப்ளோபிடே குடும்பம், ஆசியாடிஃப்ளோபினே துணைக்குடும்பம், இண்டோடிஃப்ளாப்ஸ் பேரினம், பிராமினஸ் சிற்றினம். இதில் ஸ்கோலிகோஃபிடியா உண்மையில் ஒரே மூதாதையின் முழு வழித்தோன்றலா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. தென் அமெரிக்க அனோமலெபிடிடே குடும்பம் மற்றப் பாம்புகளோடு நெருங்கியதாக இருக்கலாம் என்று சில மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்தப் படியைப் பென்சிலால் எழுதிக்கொள்வது நல்லது.

ஆணில்லாத பாம்பு

இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நம்பகமாக இனங்காணப்பட்ட புழுப்பாம்புகள் எல்லாமே பெண்கள். துணை இல்லாமல், தனியாகவே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. 1970களில் ஊகமாக இருந்த இந்தக் கன்னி இனப்பெருக்கத்துக்கு, செஷெல்ஸ் தீவுகளின் பாம்புகளை ஆராய்ந்து 1980இல் நஸ்பாம் கூடுதல் சான்று தந்தார். 1987இல் குரோமோசோம்களை எண்ணிய ஆய்வாளர்கள், வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று தொகுதிகள், மொத்தம் 42 இருப்பதைக் கண்டார்கள். முற்றிலும் இந்த முறையிலேயே பெருகும் பாம்பு என்று அறியப்பட்டிருப்பது இந்த ஒன்றுதான்.

தொட்டிச் செடியோடு கப்பலேறி அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களுக்கும் அது பரவியதற்கும் இதுவே காரணம். வேர்மண்ணில் ஒரே ஒரு பாம்பு, அல்லது ஒரே ஒரு முட்டை போய்ச் சேர்ந்தாலும் புதிய நிலத்தில் ஒரு குடியிருப்பு உருவாகிவிடும். ஆகவே வகைப்பாட்டுக்கும் இது உதவும்: ஆண் பாம்பு என்று உறுதியாகத் தெரிந்தால், மற்ற அடையாளங்கள் எப்படி இருந்தாலும் அது பிராமினஸ் இல்லை.

உணவு எறும்பு, கறையான்களின் முட்டைகளும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும். வளர்ந்த கறையானைத் தின்னும்போது பல நேரம் தலையைத் துண்டித்துவிட்டு உடலை மட்டும் விழுங்குவதை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உங்கள் செடியின் வேரை அது தொடுவதில்லை. நச்சுப் பல்லோ, நச்சுச் சுரப்பியோ கிடையாது. மனிதத் தோலைக் கடிக்க வாயும் திறக்காது. தூங்குபவர் காதுக்குள் புகுந்துவிடும் என்று காலங்காலமாக ஓர் அச்சம் இருக்கிறது. அது தேடுவது ஈரமண்ணையும் எறும்புப் புற்றையும்தான். பெருமழையில் மண் நீரில் மூழ்கும்போது மூச்சுக்காக மேலே வந்து, வழிதவறிக் குளியலறைக்கோ வாசலுக்கோ வந்துவிடுகிறது. அப்போது அதற்கு வேண்டியது வெளியே ஒரு பிடி ஈரமண்.

விடுவதும் பதிவதும்

எடுத்த இடத்திலேயே விடுங்கள். தொட்டியில் கிடைத்தால் அதே தொட்டியின் மண்ணில் விரலால் ஒரு குழி செய்து, தூரிகையால் அதன் வாயில் விட்டால் போதும். உள்ளே போக அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வேறு ஊருக்கு அனுப்பும் செடியென்றால் மட்டும் மண்ணை உதிர்த்து, பாம்பையும் முட்டையையும் தேடி எடுத்துவிட்டு அனுப்புங்கள். முட்டைகள் நீளவாட்டில் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும், வெண்மையானவை. அவற்றைப் புரட்டாமல் எடுத்து, அதே ஆழத்தில் வேறு ஈரமண்ணில் புதைத்துவிடலாம்.

பதிவில் நாள், நேரம், இடம், மண்ணின் தன்மை, மழை பெய்ததா, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, மொத்த நீளம், வரிசை எண்ணிக்கை ஆகியவை வேண்டும். படங்களோடு அதை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றினால் பிறர் சரிபார்க்க முடியும். மூக்குக் கோடு எங்கே முட்டுகிறது என்பது உங்கள் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே பிராமினஸ் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் இண்டோடிஃப்ளாப்ஸ் என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். செதில் வரிசையையே எண்ண முடியவில்லையென்றால் ‘ஸ்கோலிகோஃபிடியா, குடும்பம் உறுதியில்லை’ என்று எழுதி, தலையின் பக்கவாட்டுப் படத்தை இணைத்துவிடுங்கள்.